380 அச்சுகளுக்கு முன், எந்தத் திமிங்கிலம்?

டொரொன்டோவிலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் ஏறத்தாழ 380தான் மிச்சம் என்று படித்திருக்கிறீர்கள். அம்மா விட்டுப்போன பழைய பருத்திச் சேலைகள் பதினொன்று உங்களிடம் இருக்கின்றன. லினோ பலகையில், அதாவது செதுக்கி மை தடவி அச்செடுக்கும் மெத்தென்ற தகட்டில், ஒரு திமிங்கிலத்தைச் செதுக்கி, மிச்சமிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 380 அச்சுகளை அந்தச் சேலைகளில் போட நினைக்கிறீர்கள். உடலமைப்பு எவ்வளவு சரியாக இருக்க வேண்டும், இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்து வரையலாமா, எந்த மை பிடிக்கும் என்பவை உங்கள் கேள்விகள். ஆனால் கடைசி வரியில், "நான் இந்தத் திமிங்கிலத்தை நேரில் பார்த்ததே இல்லை, இதைச் செய்ய எனக்கு உரிமை இருக்கிறதா" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. மற்ற மூன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனால் அதற்கும் ஒரு வழி தெரியும் என்று நினைக்கிறேன்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உயிரினப் படங்கள் வரைந்து, அச்செடுத்துப் பிழைப்பவன். கனடாவின் கிழக்குக் கரையில் வசிக்கிறேன். ரைட் திமிங்கிலத்தை உயிரோடு இரண்டே முறை, ஃபண்டி விரிகுடாவில், வெகு தொலைவிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்போதும் கண்ணில் பட்டது ஆங்கில ‘வி’ எழுத்துபோல இரண்டாகப் பிரிந்து எழுந்த மூச்சுப் புகையும், ஒரு கறுத்த முதுகும்தான். நான் கடல் உயிரியலாளனும் அல்ல, சட்டம் படித்தவனும் அல்ல. வரைவது, செதுக்குவது, அச்செடுப்பது பற்றிச் சொல்வதை என் கைப்பழக்கத்திலிருந்து சொல்கிறேன். திமிங்கிலம் பற்றிச் சொல்வது, சரிபார்க்கும் கட்டாயம் என் தொழிலில் இருப்பதால் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் செதுக்கப்போவது எந்தத் திமிங்கிலம்? இந்த இனத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு. இவற்றின் தலையில், மூக்கு நுனியிலும், கண்ணுக்கு மேல் புருவம்போலவும், மோவாயிலும், கீழுதட்டு ஓரத்திலும் தோல் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும். நம் ஊரில் மண்வெட்டி பிடித்த கையில் வருமே, காய்ப்பு, பார்வைக்கு அதுபோலத்தான். ஆனால் உழைத்து வந்ததல்ல, வளர்ச்சியிலேயே வருவது. அந்தத் தடிப்புகளின் வடிவமும் இடமும் ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் வேறு. நம் கைரேகைபோல. பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியம் பல பத்தாண்டுகளாக இந்தத் தலைகளைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலிலக்க எண் கொடுத்து, ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. பலவற்றுக்குப் பெயரும் உண்டு. ஓவியர்களாகிய நமக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று: அந்தப் பதிவேட்டில் இருப்பவை புகைப்படங்கள் மட்டும் அல்ல. பல புகைப்படங்களை ஒப்பிட்டு, காய்ப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே அறுகிறது, தழும்பு எங்கே என்று காட்டும் கோட்டுப் படங்களும் உண்டு. தலையின் வார்ப்பு ஒன்றே. அதற்குள் இருக்கும் கோலம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஆக, இந்தத் திமிங்கிலத்தை அறிவியல் அடையாளம் கண்டுகொள்வதே பாதி வரைந்துதான்.

1281 என்ற எண்ணுடைய பெண் திமிங்கிலத்தை உதாரணமாகச் சொல்கிறேன். தலையில் இருந்த சிறு தழும்புகள் கோடும் காற்புள்ளியுமாகத் தெரிந்ததால் ‘பங்க்சுவேஷன்’, அதாவது நிறுத்தற்குறி, என்று பெயர் வைத்தார்கள். 1981 முதல் பார்த்துவந்தார்கள். எட்டுக் குட்டிகள் போட்டவள், பாட்டியும் ஆனவள். 2019 ஜூனில் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் கப்பல் மோதி இறந்தாள். இவ்வளவும் தெரிந்த பிறகு, ‘ஒரு திமிங்கிலம்’ என்று பொதுவாக ஒன்றை வரைய என் கை வரவில்லை.

அதனால் ஒரே பலகையிலிருந்து 380 அச்சு என்ற யோசனையை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எண்ணிக்கையை அது காட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றுபோல இன்னொன்று இல்லாத கூட்டத்தை ஒரே முகத்தால் காட்டியதாகிவிடும். அதற்காக 380 பலகை செதுக்கச் சொல்லவில்லை. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் உடலை ஒரு பலகையாகச் செதுக்கி, தலைப்பகுதியை மட்டும் தனித் துண்டாக வெட்டி எடுத்துவிடுங்கள். உடல் துண்டில் தலைத் துண்டு பிசிறில்லாமல் பொருந்த வேண்டும். பிறகு ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் புதுத் தலைத் துண்டு மட்டும் செதுக்கி மாற்றிக்கொண்டே போகலாம். ஒரு தலைக்கு ஒரு மாலை நேரம் போதும். பத்துத் தலை செதுக்கிப் பாருங்கள். பத்தாவதை முடிக்கும்போது 380ஐ முடிக்கத்தான் வேண்டுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மேலும், அந்த எண் நிலையானது அல்ல. ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படும் மதிப்பீடு. 2010 வாக்கில் 480ஐ ஒட்டி இருந்தது, பிறகு சரிந்தது, கடைசி சில ஆண்டுகளில் மிக மெல்ல ஏறியிருக்கிறது. நீங்கள் செதுக்கி முடிப்பதற்குள் அது மாறியிருக்கும்.

லினோவில் ஒரு பொறி இருக்கிறது. நான் அதில் விழுந்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பலகையில் செதுக்கியது அச்சில் இடம் வலமாகும். மீனோ பறவையோ என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் காய்ப்புகள் இருபுறமும் சமமாக இருப்பதில்லை. இடம் வலம் மாறினால் அது வேறு திமிங்கிலம், அல்லது எங்குமே இல்லாத திமிங்கிலம். நான் ரைட் திமிங்கிலத்துக்காகச் செய்த முதல் அச்சு வரிசை காட்சிக்கு வைக்கப்பட்டபோது, இவற்றை அடையாளம் காணும் வேலையில் பல ஆண்டுகள் இருந்த ஒரு அம்மையார் ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "பெயர் அவளுடையது, ஆனால் இது அவள் இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அன்று பேச்சு வரவில்லை. மொத்த வரிசையையும் திரும்பச் செதுக்கினேன். எனவே, டிரேசிங் தாளில் வரைந்து, தாளைப் புரட்டிப் போட்டுப் பலகையில் படி எடுங்கள். செதுக்கும்போது பக்கத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தி அவ்வப்போது சரிபாருங்கள்.

உடலமைப்பில் எது கட்டாயம் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். முதுகுத் துடுப்பு கிடையாது. இதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தொண்டையில் வரிவரியான மடிப்புகளும் கிடையாது. அவை நீலத் திமிங்கிலத்துக்கும் கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கும் உரியவை. பக்கத் துடுப்பு நீண்டு மெலிந்திராது, அகலமாகத் தட்டையாக இருக்கும். தலை உடலில் கால் பங்குக்குக் குறையாது. மேல்தாடை குறுகி வளைந்திருக்கும். கீழுதடு இருபுறமும் சுவர்போல எழுந்து அதை மூடும். வாயின் கோடு வில்லாக வளைந்து இறங்கி முடியும் இடத்துக்கு அருகில், நாம் எதிர்பார்ப்பதைவிட மிகத் தாழ்வாக, சின்னக் கண். கண்ணை மேலே தூக்கி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் திமிங்கிலம் காணாமல் போய்விடும். 1598இல் நெதர்லாந்துக் கரையில் ஒதுங்கிய ஸ்பெர்ம் திமிங்கிலத்தை டச்சு ஓவியர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் வரைந்தார். அதில் பக்கத் துடுப்பு கண்ணை ஒட்டி வந்து காதுபோல நிற்கிறது. அவ்வளவு தேர்ந்த கைக்கே அது நடந்தது. படத்தைப் பார்த்துப் படம் வரைந்தால் பிழை பெருகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் சொல்லே நம்மை வழிதவற வைக்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. திமி என்ற பெருமீனை விழுங்குவது திமிங்கிலம் என்று பழைய சொல்விளக்கம். அதனால் திமிங்கிலம் என்றதும் பல்லும் பிளந்த வாயும் நம் கண்ணில் வந்துவிடுகின்றன. இந்தத் திமிங்கிலத்துக்குப் பல்லே இல்லை. அரிசிமணி அளவே உள்ள, கண்ணாடிபோன்ற ஒரு சிற்றுயிரை உண்டு வாழ்கிறது. மேல்தாடையிலிருந்து பலீன் என்ற, ஓரம் நார்நாராகப் பிரிந்த நீண்ட தகடுகள் தொங்கும். சில இரண்டரை மீட்டர் நீளம் வரும். வாயைத் திறந்தபடி மெதுவாக நீந்தினால் தண்ணீர் ஓரமாக வெளியேறிவிடும், உணவு தகட்டு நாரில் தங்கிவிடும். வலை வீசுவதைவிட, சல்லடையில் சலிப்பதற்கு நெருக்கமான வேலை. இன்னொன்று, ‘ரைட்’ என்பதை ‘வலது’ என்று மொழிபெயர்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பிழை. மெதுவாக நீந்தும், செத்தால் மிதக்கும், எண்ணெயும் பலீனும் நிறையத் தரும், ஆகவே வேட்டைக்கு ‘ஏற்ற’ திமிங்கிலம் என்ற விளக்கம் எங்கும் சொல்லப்படுகிறது. அந்தக் குணங்கள் உண்மை. பெயர் அதனால்தான் வந்தது என்பது உறுதியாக நிறுவப்பட்டதல்ல. உங்கள் படவிளக்கத்தில் எழுதுவதாக இருந்தால் ‘என்று சொல்வார்கள்’ என்று சேர்த்து எழுதுங்கள்.

இனி இணையப் படங்கள். தெளிந்த நீலத் தண்ணீரில் முழு உடலும் தெரியும் ரைட் திமிங்கிலப் படம் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அவற்றில் பல, அர்ஜென்டினாவின் வால்தேஸ் தீபகற்பத்திலோ நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்து தீவுகளிலோ எடுத்த தெற்கு ரைட் திமிங்கிலங்கள். அது தனி இனம். ஆயிரக்கணக்கில் மீண்டு வந்துகொண்டிருக்கும் இனம். பார்வையில் இரண்டையும் பிரிப்பது எளிதல்ல, எனவே படம் எடுத்த இடம்தான் சாட்சி. வட அட்லாண்டிக்கில் இவை மேயும் தண்ணீர் மிதக்கும் நுண்ணுயிர்கள் நிறைந்த கலங்கல் பச்சை. பின்னணிக்கு நிறம் சேர்ப்பதானால் நீலத்தை விட்டுவிடுங்கள்.

உரிமை விஷயத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவு: அமெரிக்க அரசின் கடல்வள நிறுவனமான நோவாவின் ஊழியர்கள் பணியில் எடுத்த படங்கள் பொதுவாக அமெரிக்காவில் பதிப்புரிமைக்கு உட்படாதவை. ஆனால் நோவா தளத்தில் இருக்கும் எல்லாப் படங்களும் அப்படியல்ல. வேறு அமைப்புகள் அனுமதி பெற்று எடுத்தவையும் அங்கே கலந்திருக்கும். படத்தின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அனுமதி எண் கொடுத்திருந்தால் உங்கள் விளக்கத்திலும் அதை எழுதுங்கள். பதிவேட்டுப் படங்களுக்கு எழுதிக் கேளுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எந்தத் திமிங்கிலம், விற்பனைக்கா இல்லையா என்று தெளிவாக எழுதினால் பெரும்பாலும் பதில் வரும். நான் எழுதிய போதெல்லாம் வந்திருக்கிறது. நேரில் பார்த்தே வரைய வேண்டும் என்று படகு பிடித்துப் போக வேண்டாம். அமெரிக்கக் கடலில் இவற்றை 500 கஜத்துக்குள், அதாவது சுமார் 460 மீட்டருக்குள், நெருங்கக் கூடாது என்பது 1997 முதல் சட்டம். ட்ரோனுக்கும் விலக்கு இல்லை. அந்தத் தொலைவில் காய்ப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

துணிக்கும் மைக்கும் வருகிறேன். சேலையில் கஞ்சி இருந்தால் மை நாரில் இறங்காது, மேலே நின்று உதிரும். வெந்நீரில் இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். பலவருடம் துவைத்த சேலை என்றால் உங்களுக்கு வேலை குறைவு. பழசாகி மெத்தென்றான பருத்தியைப்போல அச்சு வாங்கும் துணி வேறு இல்லை. தாளுக்கு விற்கும் தண்ணீர் மையை வாங்கிவிடாதீர்கள், முதல் துவைப்பில் போய்விடும். துணிக்கென்று உள்ள மையை உருளையால் தடவி, அச்செடுத்து, காய்ந்த பின் மறுபக்கமிருந்து சூடாக இஸ்திரி போட்டால் நிற்கும். லினோவுக்கான எண்ணெய் மை கோட்டைக் கூர்மையாகத் தரும். என் விருப்பம் அதுதான். மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும், காய ஓரிரு வாரம் விட வேண்டும். சேலைக்கு அடியில் பழைய கம்பளியை மடித்துப் போட்டு, பலகையைக் கவிழ்த்து வைத்து, மேலிருந்து உடல் எடையால் அழுத்துங்கள்.

இங்கே நிறத்தைப் பற்றி நீங்கள் யோசித்தாக வேண்டும். லினோவில் வெட்டி எடுத்த இடம்தான் வெளிச்சம். எனவே உங்கள் திமிங்கிலத்தின் காய்ப்புகள் சேலையின் நிறத்திலேயே தெரியும். காய்ப்புத் தோல் உண்மையில் சாம்பல் நிறம். அதை வெளுப்பாகக் காட்டுவது அதன்மேல் நெருங்கி வாழும் திமிங்கிலப் பேன்கள். பேன் என்கிறோமே தவிர, நண்டு, இறால் வகையைச் சேர்ந்த சின்ன ஓட்டுயிர்கள் அவை. வெளிறிய சேலைகள் இதற்குப் பொருந்தும். காவி, இளஞ்செம்மஞ்சள் சேலை ஏதாவது இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். இன்னொரு வகைப் பேன் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்; குட்டிகளின் தலையிலும், காயம்பட்டு நலிந்தவற்றின் உடலிலும் அதிகமாகக் காணப்படும்.

நலிவு என்றதும் சொல்ல வேண்டியது இது. திமிங்கிலம் அழிகிறது என்றால் பலர் ஈட்டியை வரைகிறார்கள். இந்த இனத்துக்கு அது இன்றைய நிலை அல்ல. 1935 முதலே இதை வேட்டையாடச் சர்வதேசத் தடை உண்டு. இன்று இவற்றைக் கொல்பவை மீன்பிடிக் கயிறும் கப்பலும். நண்டுக் கூண்டையும் லாப்ஸ்டர் கூண்டையும் மிதவையோடு இணைக்கும் செங்குத்துக் கயிற்றில் சிக்குகின்றன. 85 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஒரு முறையாவது சிக்கிய தழும்புள்ளவை. 2017இல் மட்டும் 17 செத்து மிதந்தன. 3560 எண்ணுள்ள ‘ஸ்னோ கோன்’ தன் முதல் குட்டியை 2020இல் கப்பல் மோதலில் இழந்தாள். 2021 டிசம்பரில், கயிற்றை இழுத்துக்கொண்டே, புதுக் குட்டியோடு ஜார்ஜியா கரையோரம் காணப்பட்டாள். 2022 செப்டம்பரில் குட்டி உடன் இல்லை, அவள் உடலெங்கும் பேன் பரவியிருந்தது. 2019இல் பிறந்த ஒரு ரைட் திமிங்கிலம் முழு வளர்ச்சி அடையும்போது, 1981இல் பிறந்ததைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் குட்டையாக இருக்கும் என்று 2021இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கயிற்றில் சிக்குவதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால் உங்கள் அச்சில் தழும்பை மறைக்காதீர்கள், குறிப்பாக வாலடியில் சுற்றிய வெள்ளைத் தழும்பை. அதே சமயம் மீனவரைக் கொடியவராக வரையவும் வேண்டாம். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கிலும் அமெரிக்காவின் மெய்னிலும் அந்தக் கூண்டுகளால் பிழைக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். கயிறில்லாமல் கூண்டைக் கரையேற்றும் கருவிகளைச் சோதித்துப் பார்க்கிறவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு கலைப்படைப்பு திமிங்கிலத்துக்கு உதவுமா? இதில் நான் உறுதியாகப் பேச முடியாது. 1970இல் உயிரியலாளர் ரோஜர் பெய்ன் வெளியிட்ட கூன்முதுகுத் திமிங்கிலப் பாட்டுத் தட்டு மக்கள் மனத்தை மாற்றியது, 1982இல் வணிக வேட்டைக்குத் தடை முடிவானது என்று இரண்டையும் இணைத்துச் சொல்வார்கள். இரண்டும் நடந்தவை. ஒன்றால்தான் மற்றது என்று பிரித்து நிறுவுவது கடினம். ரைட் திமிங்கிலத்தின் சிக்கல் இன்னும் கடினமானது. இங்கே எதிர்க்க ஒரு வேட்டைக்காரன் இல்லை, கப்பலின் வேகமும் கயிற்றின் வலுவும்தான் பேச்சு. கப்பல்கள் சில இடங்களில், சில மாதங்களில் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற 2008ஆம் ஆண்டு அமெரிக்க விதிபோன்றவைதான் உயிர் காக்கின்றன. ஆனால் உங்கள் அச்சைப் பார்த்தவர் ஒருவர், அடுத்த முறை 1281 என்றோ 3560 என்றோ செய்தியில் படிக்கும்போது முகம் நினைவுக்கு வந்து நிற்பார் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உரிமை பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலும் இதுதான். ஒரு திமிங்கிலத்தின் எண்ணைத் தெரிந்துகொண்டு, அதன் காய்ப்பைத் தப்பில்லாமல் செதுக்க ஒரு மாலையைச் செலவழித்தவருக்கு அதை வரைய வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கடைசியாக, பதினொன்றில் ஒரு சேலையை அச்சு எதுவும் போடாமல் ஒதுக்கி வையுங்கள். வளர்ந்த ரைட் திமிங்கிலம் 14 மீட்டர் என்று வைத்தால் இரண்டரைச் சேலை நீளம் வரும். பிறந்த குட்டி சுமார் நாலு மீட்டர். எட்டு முழ வேட்டிக்குக் கொஞ்சம் கூட, ஒரு சேலைக்குள் நீளம் அடங்கிவிடும். தூளி கட்டப் பழஞ்சேலையைத் தேடியெடுக்கும் வீட்டில் வளர்ந்தவர்தான் நீங்களும் என்று நினைக்கிறேன். அந்தச் சேலையில் உயிர் அளவில் ஒரு குட்டியை, பலகையில் இல்லாமல், தூரிகையால் துணி மையில் நேராக வரையுங்கள். ஜார்ஜியா, ஃபுளோரிடா கரையோரம் குளிர்காலத்தில் பிறக்கும் குட்டியோடு இருக்கும் தாய் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறாள். அருகில் இருக்கும் குட்டிக்கு மட்டும் கேட்கும் மெல்லிய ஒலிகளை எழுப்புகிறாள் என்று 2019இல் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் அந்தச் சேலையில் அலை, கயிறு, எழுத்து எதுவும் வேண்டாம். பிறந்த குட்டிக்குக் காய்ப்பு இன்னும் உருவாகி நின்றிருக்காது, எனவே எண்ணும் இருக்காது. இன்னாரின் குட்டி என்று தாயின் எண்ணை வைத்துத்தான் குறிப்பார்கள். சேலை ஓரத்தில் நீங்களும் அப்படியே எழுதுங்கள்.